நன்றியுரையில் விடுபட்டவர்

ஒரு கூட்டத்தில் பேச்சாளர் சொதப்பலாம், தலைமை தாங்குகிறவர் தூங்கி வழியலாம், யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நன்றியுரையில் ஒருவர் விடுபட்டால் மட்டும் போச்சு. மைக் செட்காரரை மறந்தால் அடுத்த மாதம் மைக் கரகரக்கும். அதனால்தான் எல்லோரையும் சொல்லி முடித்த பிறகும் "யாராவது விடுபட்டிருந்தால் மன்னிக்கவும்" என்று ஒரு வரியைச் சேர்த்துக்கொள்வது. பல வருஷமாக அந்த வரியைச் சொல்லிக்கொண்டிருந்தவள் நான்.

அடையாறு பக்கம் ஒரு பல்கலைக்கழக அரங்கில், மாதம் ஒரு சனிக்கிழமை மாலை நடக்கும் பொதுச் சொற்பொழிவு அது. சர்வதேச விவகாரங்களும் முஸ்லிம் சமூகங்களும். ஒரு மாதம் துருக்கி, ஒரு மாதம் இந்தோனேசியா, ஒரு மாதம் வளைகுடாவும் எண்ணெயும். டீயும் சமோசாவும் உண்டு என்பதால் மயிலாப்பூர், தி. நகர் ஓய்வூதியக்காரர்கள் முன்வரிசையைப் பிடித்துக்கொள்வார்கள். நானும் கல்லூரியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவள்தான். ஒரு முஸ்லிம் பெண்மணி நன்றி சொன்னால் மேடைக்கு எடுப்பாக இருக்கும் என்றுதான் என்னைக் கூப்பிட்டார்கள். அதுகூடத் தெரியாத அசடு இல்லை நான். ஆனாலும் அந்தச் சனிக்கிழமைகள் எனக்குப் பிடித்திருந்தன.

அதை நடத்திய பேராசிரியர், நான் வேலையில் இருந்த காலத்திலிருந்து நண்பர். மயிலாப்பூர்க்காரர். கூட்டம் முடிந்ததும் தன் காரில் என்னை ராஜா அண்ணாமலைபுரத்தில் இறக்கிவிட்டு, மாடியேறி வந்து என் மாமியார் கையால் டீ குடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். கதவைத் திறந்ததும் மாமியார் "இன்னைக்கு எந்த நாடு?" என்று கேட்பார். பேராசிரியரும் சாவகாசமாக உட்கார்ந்து பதில் சொல்வார். அவருக்கென்றே கடல்பாசி காய்ச்சி, பால் சேர்த்து உறைய வைத்து, ஃபிரிட்ஜில் எடுத்து வைத்திருப்பார் மாமியார். கறி, முட்டை எதுவும் படாத தனிப் பாத்திரத்தில்.

என் கணவர் இறந்தபோது நான் இத்தா இருந்தேன். கணவனை இழந்த பெண் சில மாதங்கள் வெளியே போகாமல், அந்நிய ஆண்கள் முன்னால் வராமல் வீட்டோடு இருக்கும் காலம் அது. கல்லூரியில் அப்போது பரீட்சை நேரம். மகனைப் பறிகொடுத்த மாமியார்தான் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "வேலைக்குப் போறதுன்னா போம்மா. பள்ளிவாசல் ஹஜ்ரத்கிட்ட கேட்டுட்டேன், அவசியம்னா போலாமாம். மத்தவங்க எதுனா சொன்னா நான் பாத்துக்கறேன்" என்றார். நான்தான் போகவில்லை. பேராசிரியர் துக்கம் விசாரிக்க வந்தபோது மாமியார் அவரைக் கூடத்தில் உட்கார வைத்தார், நான் அறைக்குள் திரைக்குப் பின்னால் இருந்து பேசினேன். இதெல்லாம் அவருக்குத் தெரியும். மாமியார் வேலைக்குப் போகச் சொன்னதும் தெரியும்.

பின்னால் ஒரு நாள் காரில் வரும்போது, என் மகளிடம்கூடச் சொல்லாத ஒன்றை அவரிடம் சொன்னேன். கல்யாணம் ஆனதிலிருந்து யாரும் என்னிடம் அது வேண்டும் இது வேண்டும் என்று கேட்காமல் விட்டது அந்த மாதங்களில்தான். நினைத்தபோது தூங்கினேன், நினைத்தபோது அழுதேன். இத்தா முடிந்த நாளில், மறுபடி வெளியே போக வேண்டுமே என்று அழுதேன். நான் சொல்லி முடிக்கிறவரை அவர் காரை மெதுவாக ஓட்டினார். புரிந்துகொண்டார் என்று நம்பினேன்.

நான் கடைசியாகப் போன கூட்டத்தில் அவரேதான் பேச்சாளர். முஸ்லிம் சமூகங்களில் பெண்களும் பொதுவெளியும் என்பது தலைப்பு. எகிப்து, ஈரான் எல்லாம் சுற்றிவிட்டு, "அவ்வளவு தூரம் போவானேன்? நம்ம ஊர்லயே எனக்குத் தெரிஞ்ச ஒரு குடும்பம்" என்று ஆரம்பித்தார். "படிச்சவங்க. காலேஜ் டீச்சர். புருஷன் போனப்புறம் மாசக்கணக்கா வேலைக்குப் போகலை. நான் பார்க்கப் போனப்போ குரல்தான் வந்தது, திரை விலகலை. கூடத்துல மாமியார் உட்கார்ந்திருந்தார். அந்தக் காலம் முடிஞ்ச அன்னிக்கு அந்தப் பெண் அழுதாங்க." கொஞ்சம் நிறுத்தினார். "அந்தக் கண்ணீரைத்தான் நாம படிக்கணும்."

அரங்கமே உச்சுக்கொட்டியது. அங்கே வேறு எந்த முஸ்லிம் டீச்சர் இருக்கிறார்? பின்வரிசை அம்மாள் ஒருவர் என் தோளைத் தொட்டு "பாவம்மா நீங்க" என்றார். பேராசிரியர் சொன்னதில் ஒரு பொய்கூட இல்லை. பொய்யாக இருந்தால் எழுந்து மறுத்திருப்பேன். போகச் சொன்ன மாமியாரை விட்டுவிட்டு, உட்கார்ந்திருந்த மாமியாரை மட்டும் எடுத்துக்கொண்டார். என் கண்ணீரை எடுத்துக்கொண்டு அதன் காரணத்தை விட்டுவிட்டார். அவர் கைதட்டல் வாங்குவதற்காக, பல வருஷம் அவருக்கு டீ போட்டுக் கொடுத்தவர் காவல்காரி ஆகிவிட்டார். கூடவே இருந்து முதுகில் குத்துவது என்றால் இதுதான்.

நன்றியுரைக்குக் கூப்பிட்டார்கள். போனேன். தலைமை தாங்கியவருக்கு, அரங்கம் தந்தவர்களுக்கு, மைக் செட்காரருக்கு, டீ கொண்டுவந்தவருக்கு, நாற்காலி போட்டவர்களுக்கு, மழை வரும்போல இருந்தும் வந்தவர்களுக்கு, ஒருவர் விடாமல் நன்றி சொன்னேன். பேச்சாளரைச் சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்று நினைத்து முன்வரிசைத் தாத்தா ஒருவர் கையால் அவரைக் காட்டினார்.

"யாராவது விடுபட்டிருந்தால், அது மறதி அல்ல" என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

வாசலில் பேராசிரியர் வேகமாக வந்து பிடித்தார். "என்ன மேடம் இது? உங்க பேரை நான் சொல்லவே இல்லையே. பொதுவா ஒரு உதாரணம். நீங்க பெர்சனலா எடுத்துண்டா எப்படி?"

"மாமி போகச் சொன்னதை ஏன் சொல்லலை சார்?"

யோசித்துப் பார்த்தார். பாவம், நிஜமாகவே யோசித்தார். "அது ஆர்கியுமென்ட்டுக்குப் பொருந்தலையே" என்றார்.

கார்க் கதவைத் திறந்து காத்திருந்தார். நான் ஆட்டோ பிடித்தேன்.

வீட்டில் மாமியார் கதவைத் திறந்து, என் தோளுக்கு மேல் மாடிப்படியைப் பார்த்தார்.

"சார் வரலியா? அவருக்குக் கடப்பாசி செஞ்சு வெச்சிருக்கேனே."

"இனிமே வர மாட்டார் மாமி."

எந்த நாடு என்று அன்று அவர் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கதவைச் சாத்தாமலே நின்றார்.

"ஏம்மா, போன தடவை வந்தப்போ நான் எதுனா தப்பா பேசிட்டேனா?"