பரஸ்தானம் வைத்த பை

மூன்றரைக்கு மேல்தான் படுக்கை காலியாகும், நான்கு மணிக்கு வாருங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை மூன்றிலிருந்து நான்கரை வரை ராகு காலம். என் ஏழு வயது மகளுக்கு இதயத்தில் ஓட்டை. மறுநாள் காலை ஆபரேஷன். எப்போதும் என்னைக் கிண்டலடிக்கிற கணவர்கூட, "மனசு கேக்கலைன்னா பரஸ்தானம் வச்சுடு" என்று சொல்லிவிட்டு ஷிஃப்டுக்குப் போனார். வேலை முடிந்து நேரே ஆஸ்பத்திரிக்கு வருவதாக ஏற்பாடு.

கிளம்புகிற வேளை சரியில்லை என்றால், முன்னதாகவே நல்ல நேரம் பார்த்துப் பயணப் பையை வேறொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவோம். அதுதான் பரஸ்தானம். பை போய்விட்டால் ஆளும் கிளம்பியாயிற்று என்று கணக்கு. பிறகு ராகுவால் என்ன செய்ய முடியும்? போகிறவர் உடுத்திய துணி ஒன்றும் பைக்குள் இருக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். வைத்த பையைத் திரும்ப வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது.

காலை பத்து மணிக்கு நானும் மகளும் பையை அடுக்க உட்கார்ந்தோம். முன்பக்கம் பொத்தான் வைத்த கவுன் நான்கு, தேவராஜ மார்க்கெட்டில் வாங்கிய துண்டு, ரிப்போர்ட் ஃபைல், ஸ்டீல் டம்ளர். அவள் பங்குக்குக் கலர் பென்சில்களைச் சீவிச் சீவி வைத்தாள். கடைசியில் அவள் போட்டிருந்த கவுனைக் கழற்றி, வேறொன்றை மாட்டிவிட்டு, உடம்புச் சூடு ஆறுவதற்குள் மடித்து மேலே வைத்தேன்.

"எதுக்கும்மா அழுக்குத் துணி?"

"நீ கிளம்பியாச்சுன்னு அர்த்தம்டி."

"அப்ப நான் இப்ப இங்க இல்லையா?"

"சும்னே இரு!" என்று பாதிக் கன்னடத்தில் சிடுசிடுத்தேன். பயம் வந்தால் எனக்குக் கோபம்தான் வெளியே வரும்.

எதிர்வீட்டுக் கன்னடத்து அம்மாவிடம் பையை ஒப்படைத்துவிட்டு வந்து சமையலைப் பார்த்தேன். மகள் ஜன்னலோரம் உட்கார்ந்து அந்த வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மணிக்குச் சாப்பிடக் கூப்பிட்டேன். அவள் திரும்பவில்லை. பக்கத்தில் போய்ப் பெயரைச் சொல்லி அதட்டினேன். தோளைத் தொட்டேன், சில்லென்று இருந்தது. விளையாட்டு என்றால் உதட்டோரம் சிரிப்பு துடிக்கும். இவள் முகத்தில் அது இல்லை. மூச்சு வந்தது, கண் இமைத்தது, அவ்வளவுதான்.

வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். பல் துலக்கும் பிரஷ் இல்லை, துண்டு இல்லை, வாசலில் செருப்புகூட இல்லை; எனக்குத் தெரியாமல் அதையும் பையில் போட்டிருக்கிறாள். அவள் இல்லாத வீடு எப்படி இருக்கும் என்று நினைக்கவே பயந்து, டாக்டர் சொன்ன நாளிலிருந்து ஆறு மாதம் ஓட்டினேன். இதோ, இப்படித்தான் இருக்கும். என் கையாலேயே அனுப்பி வைத்துவிட்டேனே, பாவி!

வெறுங்காலோடு ஓடினேன். "ஏனாய்தம்மா?" என்று பதறினார் எதிர்வீட்டம்மா.

"பையைக் குடுங்க."

"வாபஸ் தகோபாரது அந்தா நீவே ஹேளித்ரி!" திரும்ப எடுக்கக் கூடாது என்று நான் சொன்னதை எனக்கே நினைவூட்டினார். பையைப் பிடுங்கிக்கொண்டு வந்தேன்.

கூடத்தில் பையைக் கவிழ்த்துக் கொட்டினேன். அந்தக் கவுனை எடுத்தேன். கழற்றி இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. அவளுக்கு மாட்டிவிட்டேன்.

"அம்மா, பசிக்குது" என்றாள்.

"எத்தனை தடவை கூப்பிட்டேன், ஏண்டி வாயைத் தொறக்கல?"

"நீ எங்கம்மா போயிருந்தே? வீட்ல யாருமே இல்லையே."

பதினேழு வயதாகி பி.யு.சி. படிக்கிற இப்போதும் அதையேதான் சாதிக்கிறாள். நான் அதற்கு மேல் கேட்பதில்லை.

தயிர் சாதம் ஊட்டினேன். பையை மறுபடி அடுக்கி, அவள் காலில் செருப்பை மாட்டிவிட்டு, மூன்றே காலுக்கு, ராகு காலத்தில், ஆட்டோ ஏறினோம். ராகு வேண்டுமானால் எங்களோடு உட்கார்ந்து வரட்டும் என்று இருந்தது எனக்கு. வழி நெடுக அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தேன்.

"வலிக்குதும்மா, விடு" என்றாள்.

"வலிக்கட்டும்" என்றேன். மறுநாள் காலை ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நர்ஸ் வந்து, என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் அவளைக் கூட்டிப்போனார்.