கை நனைத்த பிறகு கேட்ட கேள்வி

அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. முதல் திவசத்துக்காக மஞ்சக்குட்டை வீட்டுக்கு வந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கிக்கொண்டு பஸ் ஏறப்போகும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய ஒரே தம்பி வணங்கி எழுதுவது. மருமகன்கள் இருவரும் என்னிடம் கேட்டது, தங்கள் தாயாரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை. அதற்கு எனக்குத் தடையில்லை. ஆனால் அக்காவின் பெருமை என்று நீங்கள் எல்லோரும் சொல்லும் காரியத்தை நான் உண்மையாகச் சொல்லப் புகுந்தால் என்னைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அக்கா பிறந்தது நாகலூரில், காப்பி எஸ்டேட் ஒன்றின் லைன் வீட்டில். அப்பா அங்கே கணக்கு எழுதும் ரைட்டர் வேலை பார்த்தார். நான் நடக்கப் பழகும் முன்பே அம்மா காய்ச்சலில் போய்விட்டார். அன்றிலிருந்து எனக்குச் சோறு ஊட்டியதும், தலை துவட்டியதும், பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டதும் அக்காதான். தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று அவர் படிப்பு நின்றது. பிறகு காப்பிப் பழம் பறிக்கப் போனார். அவருடைய கூலியும் அப்பாவின் சம்பளமும் சேர்ந்துதான் என்னைச் சேலத்து ஹாஸ்டலில் வைத்தன, கல்லூரிக்கு அனுப்பின. இதை அவர் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை.

மஞ்சக்குட்டையில் மாமாவுக்கு வாழ்க்கைப்பட்ட பின் மலைக்காட்டு விவசாயம் அவர் தலையில் விழுந்தது. சாமை, கொஞ்சம் மிளகு, கமலா ஆரஞ்சு. மாமா சீக்கிரமே காலமானார். இரண்டு பிள்ளைகளையும் அக்கா தனியாகவே ஆளாக்கினார். முகம் சுண்டி நான் பார்த்ததில்லை. ஒருமுறை ஆரஞ்சு மூட்டையை ஏற்றமாட்டேன் என்ற கண்டக்டரிடம், "ஏனுங்க, டிக்கெட்ட மூட்டைக்கே குடுத்துருங்க. அது உக்காந்துட்டு வரட்டும், நான் தொங்கிக்கிட்டு வர்றேன்" என்றார். பஸ்ஸே சிரித்தது. கண்டக்டரே இறங்கி மூட்டையைத் தூக்கி வைத்தார்.

இனி என் வேலையைப் பற்றி. அரசு ஆஸ்பத்திரிகளும் கிராமத்துச் சுகாதார நிலையங்களும் ஒழுங்காக நடக்கின்றனவா என்று நேரில் போய்ப் பார்த்து, மக்களைக் கேட்டு, மேலே எழுதி அனுப்பும் கண்காணிப்பு அமைப்பு ஒன்றில் மதிப்பாய்வாளராக இருந்தேன். நான் எழுதுவதை வைத்து எங்கே ஆள் கூட்டுவது, எங்கே குறைப்பது என்று முடிவாகும். ஊரில் இது யாருக்கும் சரியாகப் புரியவில்லை. கொசுப் புழு பார்க்க வருகிறவர் என்றுதான் நினைத்தார்கள். அக்காவுக்கு அதில் பெரிய வருத்தம். "கொசு பாக்கறவன் இல்லைங்க எந்தம்பி. கொசு பாக்கறவரு, டாக்டரு, நர்சு எல்லாரையும் நிக்க வெச்சுக் கேள்வி கேக்கறவன்" என்று எல்லோரிடமும் திருத்திக்கொண்டே இருப்பார்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்பு, சேர்வராயன் மலைப் பகுதியின் துணை சுகாதார நிலையங்களைப் பார்க்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. அதில் மஞ்சக்குட்டைப் பக்கமும் இருந்தது. நெருங்கிய உறவினர் உள்ள ஊரென்றால் முன்கூட்டியே தெரிவித்துவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் விதி. நான் தெரிவிக்கவில்லை. அரசு ஜீப்பில், டிரைவரோடு, அக்கா வீட்டு வாசலில் போய் இறங்க வேண்டும் என்ற ஆசைதான் காரணம். வேறு காரணம் தேடினாலும் கிடைக்காது.

அன்று நர்ஸம்மா எனக்காகக் காத்திருந்தார். மலையில் பரந்து கிடக்கும் பல ஊர்களுக்கு அவர் ஒருவரே நர்ஸ். வாரத்தில் சில நாட்கள்தான் இங்கே இருக்க முடியும். இன்னொரு நர்ஸ் வேண்டுமென்று ஊர்க்காரர்கள் கொடுத்த மனு அப்போது மேலே காத்திருந்தது. என் மதிப்பாய்வைப் பார்த்துத்தான் அதை முடிவு செய்வதாக இருந்தார்கள்.

"சார், பிரசவ அறையத் தொறந்து காட்டறேன். உள்ள வந்து பாத்துட்டுப் போயிருங்க" என்றார் நர்ஸம்மா. அதற்குள் அக்கா ஆள் அனுப்பிவிட்டார், சோறு ஆறுகிறது என்று. "பரவாயில்லம்மா, நீங்க சொன்னாப் போதும்" என்று நான் கிளம்பிவிட்டேன். அந்த அறையில் கட்டில் உடைந்து கிடந்ததையும், கூரை ஒழுகியதையும், அங்கே பிரசவம் பார்த்தே நெடுநாள் ஆகியிருந்ததையும் பிறகுதான் அறிந்தேன்.

ஊர்ப் பெண்களைக் கூட்டி வைத்துக் கேட்பது மதிப்பாய்வில் முக்கியமான பகுதி. சுகாதார நிலையத்துக்கு எதிரே மரத்தடியில் கேட்டிருக்கலாம். அக்கா எல்லோரையும் தன் வீட்டுக்கே வரச்சொல்லியிருந்தார். கோழிக் குழம்பு வைத்து, எனக்குப் போட்ட அதே பந்தியில் அவர்களுக்கும் இலை போட்டுச் சாப்பிட வைத்தார். அதன் பிறகுதான் நான் கேட்க ஆரம்பித்தேன்.

நம் பக்கத்துப் பழக்கம் இந்த மலரைப் படிக்கும் எல்லோருக்கும் தெரியும். பெண் பார்க்கப் போன வீட்டில் சம்மதம் என்று மனத்துக்குள் முடிவாகாமல் கை நனைக்கமாட்டோம். பங்காளிச் சண்டை பேசப் போன இடத்தில் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டோம். சாப்பிட்டுவிட்டால் அந்த வீட்டாரை எதிர்த்துப் பேச வாய் வராது. நாகலூரில் பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாதா? வெளியூர்க்காரர் ஒருவர் வந்திருந்தால் தெரியாமல் செய்தார் என்று சொல்லலாம். நான் தெரிந்தே, அவர்கள் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்த பிறகு கேட்டேன்.

"இங்க வைத்தியத்துக்கு ஏதாச்சும் குறை இருக்குதுங்களா?"

அவர்கள் என்னைப் பார்க்கவில்லை. அக்காவைப் பார்த்தார்கள். "ஒரு கொறையும் இல்லீங்க" என்றார் ஒருவர். மற்றவர்களும் அதையே சொன்னார்கள். ராசாத்தி என்ற சின்னப் பெண், அப்போதுதான் கல்யாணமாகி அடுத்த வீட்டுக்கு வந்திருந்தவர், ஏதோ சொல்ல வாயெடுத்தார். பக்கத்திலிருந்தவர் அந்தப் பெண்ணின் தொடையைத் தட்டினார். ராசாத்தி நிறுத்திக்கொண்டார். நான் அதையும் பார்த்தேன்.

மக்கள் நிறைவாக உள்ளனர், பிரசவ அறை நல்ல நிலையில் உள்ளது, கூடுதல் பணியிடம் உடனடியாகத் தேவைப்படவில்லை என்று எழுதி அனுப்பினேன். இரண்டாவது நர்ஸ் வேறொரு ஊருக்குப் போனார்.

அடுத்த மழைக்காலத்தில் ராசாத்திக்குப் பிரசவ வலி கண்டது. அன்று நர்ஸம்மா மலையின் மறுபக்கத்து ஊரில் இருந்தார். ஆம்புலன்ஸும் வேறெங்கோ போயிருந்தது. ஊர் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு ஏற்காடு ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டார்கள். அக்காவும் ஏறிக்கொண்டார். வழியில் மரம் விழுந்து கிடந்தது. அதை வெட்டி நகர்த்துவதற்குள் ஜீப்பிலேயே குழந்தை பிறந்தது. ஆண் குழந்தை. அழவில்லை.

மறுநாள் அக்கா எனக்குப் போன் செய்தார். அவருடைய குரலில் அப்படியொரு தணிவை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"கண்ணு, நீ அன்னைக்கு எழுதுனத மாத்தி எழுத முடியுமா?"

"அதெல்லாம் மேல போயிருச்சுக்கா. இனி ஒண்ணும் பண்ண முடியாது."

"நாந்தான் அவங்ககிட்டச் சொன்னேன். எந்தம்பி வர்றான், மனசு சங்கடப்படற மாதிரி எதும் பேசிராதீங்கன்னு. ராசாத்தி சொல்ல வந்தா. நாந்தான் கண்ணக் காட்டுனேன்."

நான் சொன்னது பொய். திருத்தக் குறிப்பு ஒன்று அனுப்ப வழி இருந்தது. அனுப்பினால் அக்கா வீட்டில் பந்தி போட்டது வெளியே வரும், உறவை மறைத்தது வெளியே வரும், ஓய்வு பெறும் நேரத்தில் விசாரணை வரும். அதனால் முடியாது என்றேன். அக்கா என்னை நம்பினார். மறுபடி கேட்கவேயில்லை.

நர்ஸ் இருந்திருந்தால் அந்தக் குழந்தை பிழைத்திருக்கும் என்று எந்த டாக்டரும் உறுதியாகச் சொல்லமாட்டார். இந்த ஒரு வாக்கியத்துக்குப் பின்னால் நான் பல வருடம் ஒளிந்துகொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு அக்கா செய்ததை நீங்கள் அறிவீர்கள். சுற்று வட்டாரத்தில் எந்தப் பெண்ணுக்கு மாசம் நெருங்கினாலும், வலி வரும் முன்பே அவரை ஏற்காட்டுக்கு அழைத்துப்போய், ஆஸ்பத்திரியில் சேர்த்து, குழந்தை பிறந்து ஊர் திரும்பும்வரை கூடவே இருந்தார். சாமை அறுப்பு நின்றாலும் போனார். முழங்கால் வீங்கிய பிறகும் போனார். சேர்வராயன் கோயில் திருவிழாவில் பெண்கள் தங்கள் பிள்ளைகளை அவர் காலில் விழ வைப்பார்கள். அவர் பதறிப்போய்த் தூக்கிவிடுவார். அடக்கம் என்று எல்லோரும் சொன்னோம். என் பணி நிறைவு விழாவில் ஒருவர் மேடையேறி, அக்காவும் தம்பியுமாக மலைக்கு வைத்தியம் கொண்டுவந்தவர்கள் என்று பேசினார். கீழே உட்கார்ந்திருந்த அக்கா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். நான் மாலையை ஏற்றுக்கொண்டேன்.

அவர் செய்தது சேவைதான், சந்தேகமில்லை. ஆனால் தான் ஒருமுறை கண்ணைக் காட்டியதற்காகவும், நான் எழுதியதற்காகவும் அவர் ஒருவரே உழைத்துக் கடன் கழித்தார் என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

கடைசிக் காலத்தில் அக்காவுக்குச் சிறுநீரகம் கெட்டது. சேலத்துக்கு வரச்சொல்லிப் பிள்ளைகள் கெஞ்சினார்கள். அவர் மலையை விட்டு இறங்கவில்லை. படுக்கையில் விழுந்தபின் அவரைத் துடைத்து, திருப்பிப் படுக்க வைத்து, கஞ்சி புகட்டியவர் ராசாத்தி. நான் பார்க்கப் போயிருந்தபோது அக்கா என்னிடம், "மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு உக்காராத. சாகறது நானா நீயா?" என்று சிரித்தார். ராசாத்தி வெளியே போனதும், "அவகிட்ட நீயே ஒரு வார்த்த சொல்லிரு சாமி. எம் பங்க நாஞ் சொல்லிட்டேன்" என்றார்.

அக்கா உயிரோடு இருந்தவரை நான் சொல்லவில்லை. போன மாதம்தான் போனேன். ராசாத்தி மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தார். இப்போது அவருக்கு இரண்டு பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள். நான் விதியை மீறி உறவை மறைத்தது, அறையைப் பார்க்காமல் எழுதியது, திருத்த முடிந்தும் திருத்தாதது எல்லாவற்றையும் சொன்னேன். என் பழைய அலுவலகத்துக்கும் இப்போது எழுதி அனுப்பியிருப்பதாகச் சொன்னேன். பதில் எதுவும் வரவில்லை. இரண்டாவது நர்ஸ் பணியிடம் இன்றும் இங்கே இல்லை.

அவர் கை வேலையை நிறுத்தவில்லை. "அக்கா நொம்ப நாளைக்கு முன்னமே சொல்லிருச்சுங்க, அது பண்ணுனத. எங்கூட ஒக்காந்து அழுதுச்சு. நீங்க திருத்தியிருக்கலாம்னு மட்டும் அதுக்குத் தெரியாதுங்க" என்றார்.

"ஆமாம்மா. தெரியாமலே போயிட்டாங்க."

"நல்லதுதானுங்க. தெரிஞ்சிருந்தா உங்க ஊட்டுப் பக்கமே வந்திருக்காது."

இதையெல்லாம் மலரில் எழுதப்போகிறேன், கடைசியில் அவருக்கு நன்றி சொல்லப்போகிறேன் என்றேன். அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். அவர் சொன்னதைக் கட்டுரையின் முடிவில் எழுதுகிறேன். அதற்கு முன் என் கடமையைச் செய்துவிடுகிறேன்.

அக்காவுக்கு வைத்தியம் பார்த்த ஏற்காடு டாக்டர்களுக்கும், வீடு தேடி வந்து ஊசி போட்ட இப்போதைய நர்ஸம்மாவுக்கும், கூப்பிட்ட நேரத்துக்கெல்லாம் ஜீப் எடுத்த டிரைவர் தம்பிகளுக்கும், எடுப்பு அன்று மழையில் நனைந்தபடி தோள் கொடுத்த மஞ்சக்குட்டை, நாகலூர் ஊர்க்காரர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் நன்றியோடு இருக்கும்.

ராசாத்தி சொன்னது இது: "எழுதுங்கண்ணா. எம் பேரப் போட்டே எழுதுங்க. எனக்கொண்ணும் வெக்கமில்ல. நன்றி மட்டும் போட்டுராதீங்க. அக்காவுக்குச் செஞ்சது எனக்கும் அக்காவுக்கும் உள்ளது. அதுக்கு நீங்க நன்றி சொல்லிப்புட்டா, உங்களுக்கும் எனக்கும் இருக்கறது தீந்துபோச்சுன்னு ஆயிரும். தீரலீங்க."

ஆகவே நன்றி சொன்னவர்களோடு அவரை நான் சேர்க்கவில்லை. மறந்துவிட்டேன் என்று யாரும் எண்ணவேண்டாம்.