மேசைமேல் ஒரு தாசம்மாள்

திருவனந்தபுரத்தில் மருத்துவக் கருவிகள் செய்யும் ஓர் ஆய்வுக்கூடத்தில், ஜன்னலோர மேசைமேல், கண்ணாடித் தொட்டிக்குள் தாசம்மாள் கிடக்கிறாள். வெதுவெதுப்பான தண்ணீர் அவளுக்குள் துடித்துத் துடித்து ஓடுகிறது. யாராவது புதிதாக ஒரு குழாயை வரைந்து, செய்து, எடுத்துக்கொண்டு வந்தால் அங்கே முதலில் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: "தாசம்மாவுக்குள்ள போச்சா?" போகவில்லை என்றால் வந்த வழியே திரும்பி, மறுபடி வரைய வேண்டியதுதான்.

அது சிலிக்கோன் வார்ப்பு. ஒரு பெண்ணின் வயிற்றுக்குள் இறங்கும் பெருந்தமனியும், அது இரண்டாகப் பிரிந்து தொடைகளுக்குப் போகும் கிளைகளும், அச்சு அசலாக. அந்தப் பெண் பாறசாலையில் உயிரோடு இருக்கிறாள். அங்கன்வாடியில் பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டோ, அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டோ இருப்பாள். வார்ப்பைச் செய்யச் சொன்ன பொறியாளர் ராஜையன் அவளுடைய கணவர்.

ராஜையன் காலை ரயிலில் தம்பானூர் வந்து இறங்கி ஆய்வுக்கூடத்துக்குப் போவார். என்ன வேலை என்று கேட்டால், "குழாய் வேலை" என்பார். ஊர்த் திருச்சபையில் பாதிப்பேர் அவரைப் பிளம்பர் என்றே நினைத்திருந்தார்கள். சபைக் கட்டடத்தில் தண்ணீர் ஒழுகினால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவரும் போய்ச் சரிசெய்து கொடுத்துவிட்டு வருவார்.

அவர் செய்யும் குழாயின் வேலை இது. இதயத்திலிருந்து வயிற்றுக்கு இறங்கும் பெருந்தமனி, சிலருக்கு வயதானபின் சுவர் மெலிந்து பலூன்போல் வீங்கும். வலிக்காது. சொல்லிக்கொள்ளாமல் ஒருநாள் வெடிக்கும். வெடித்தால் பெரும்பாலோர் ஆஸ்பத்திரி வாசலைக்கூடப் பார்ப்பதில்லை. வெடிக்குமுன் கண்டுபிடித்தால் இரண்டு வழிகள். வயிற்றைக் கிழித்துத் திறந்து, கெட்ட இடத்தை நீக்கித் துணிக்குழாய் ஒன்றைத் தைப்பது ஒன்று. மெல்லிய கம்பிச் சட்டத்தில் தைத்த துணிக்குழாயைச் சுருக்கி, நீளமான குழல் ஒன்றுக்குள் அடைத்து, தொடை இடுக்கின் தமனி வழியாக உள்ளே அனுப்பி, வீங்கிய இடத்தில் விரித்துவிடுவது மற்றது. பிறகு ரத்தம் துணிக்குழாய்க்குள் ஓடும். வீக்கத்தின்மேல் அழுத்தம் இருக்காது. நோயாளி சில நாளில் நடந்தே வீட்டுக்குப் போவான். அந்தத் துணிக்குழாயைச் சுமந்துபோகும் குழலும் அதைத் திருகி விரிக்கும் கைப்பிடியும் ராஜையனின் பொறுப்பு.

நாள் முழுக்க அந்தத் தமனியோடு வாழ்கிற மனிதருக்குத் தன் மாமனார் எப்படிச் செத்தார் என்பது விளங்காமலே இருந்தது. தாசம்மாளின் அப்பா நேசையன் ரப்பர் வெட்டிவிட்டு வந்து, முற்றத்தில் வயிற்றையும் முதுகையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை. செய்வினை என்றார்கள். வேலித் தகராறு இருந்த பக்கத்து வீட்டுக்காரன்தான் வைத்தான் என்றார்கள். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. பிறந்த குழந்தைகளுக்குக்கூட அந்தப் பகையைப் பாலோடு ஊட்டி வளர்த்தார்கள். சுவர் மெலிந்து வெடித்தது ஒரு ரத்தக்குழாய். பழி சுமந்தது ஒரு குடும்பம். அறியாமைக்கு எப்போதும் ஒரு குற்றவாளி தேவைப்படுகிறான். கிடைக்கிற அண்டைவீட்டானே போதும். இந்தக் கதையை ராஜையன் எத்தனையோ முறை சோறு தின்றுகொண்டே கேட்டிருக்கிறார். வேலையில் படித்ததையும் வீட்டில் கேட்டதையும் ஒருநாளும் சேர்த்துப் பார்க்கவில்லை.

பித்தப்பைக் கல்லுக்காக ஸ்கேன் எடுக்கப் போன தாசம்மாள்தான் சேர்த்துவைத்தாள். சாயங்காலம் அவர் செருப்பைக் கழற்றுமுன்பே சொன்னாள்.

"இஞ்ச பாருங்க. ஒங்க ஆபீஸ் வியாதி எனக்கு வந்திருக்கு."

ராஜையன் அறிக்கையை வாங்கிப் படித்தார். இன்னொரு முறை படித்தார். ரத்த உறவில் தொடரக்கூடிய வியாதி அது; அப்புறம்தான் மாமனார் ஞாபகம் வந்தது. அவர் திண்டாடிப்போய் நிற்பதைப் பார்த்து, அவளே தேற்றினாள்.

"என்னத்துக்கு முகத்த இப்பிடி வச்சிட்டு நிக்குதிய? ஒங்க குழாயத்தான் இப்பம் ஆளுகளுக்கு வச்சுப் பாக்குதாவளே. எனக்கும் ஒண்ணு வச்சுவிடச் சொல்லுங்க."

அவரும் அதையேதான் நினைத்தார்.

ரத்தநாள அறுவை மருத்துவர் லிபி, தாசம்மாளின் ஸ்கேனைத் திரையில் விரித்து அளந்தாள். தொடை இடுக்கில் தமனியின் குறுக்களவைத் தொட்டபோது அவள் விரல் நின்றது. ராஜையன் கண்ணும் அங்கேதான் நின்றிருந்தது.

"சாரே, உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டாமல்லோ" என்றாள் லிபி. "உங்க குழல் இதுக்குள்ள போகாது. தள்ளினா கிழியும். வெளிநாட்டிலேருந்து வர்ற மெல்லிசு சாதனங்களும் பாத்தாச்சு, இந்த வளைவுக்கு எதுவும் சேரல்ல. ஓப்பன் ஆபரேஷன்தான்."

எந்த நோயாளிக்கு இந்தக் குழலை வைக்கலாம், எவருக்குக் கூடாது என்ற விதியை வரைந்தவர் ராஜையன். அந்த விதி அன்று அவருடைய மனைவியைத் திருப்பி அனுப்பியது.

வெளியே வராந்தாவில் தாசம்மாள் கேட்டாள். "அப்பம் ஒங்க குழாய் எனக்குள்ள போவாது?"

"போவாது பிள்ள. ஒனக்கு ரத்தக்குழாய் சின்னது."

"சின்னதா? யாரைக் காட்டியும் சின்னது?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "ஆம்பிளையளைக் காட்டியும்."

"ஓ. அளவெடுக்க அவியள மட்டுந்தான் கூப்பிட்டியளாக்கும்."

சண்டைக்காகக் கேட்கவில்லை. அங்கன்வாடிச் சம்பளத்துக்காகத் தலைமைச் செயலக வாசலில் வெயிலில் உட்கார்ந்து பழகியவளுக்கு, யாரை விட்டுவிட்டார்கள் என்பது சட்டென்று கண்ணில் படும், அவ்வளவுதான்.

மறுநாள் ஆய்வுக்கூடத்தில் ராஜையன் மேசைமேல் இருந்த வார்ப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். எல்லாம் ஆண்கள். எவரும் திட்டமிட்டு அப்படிச் செய்யவில்லை. சோதனைக்குச் சேர்த்துக்கொண்டவர்களின் ஸ்கேனிலிருந்து வார்ப்பு செய்தார்கள். குழல் நுழைகிறவர்களைத்தான் சோதனைக்குச் சேர்த்துக்கொண்டார்கள். அந்த வார்ப்புகளில் நுழைகிற மாதிரித்தான் குழலைச் செய்தார்கள். செக்குமாடு சுற்றுவதுபோல் ஒரே வட்டம். அந்த வட்டத்துக்கு வெளியே பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். இந்த உலகத்தில் பெரிய அநியாயங்களில் பாதி இப்படித்தான், யாரும் கெட்ட எண்ணம் வைக்காமலே நடக்கின்றன.

அறுவைச் சிகிச்சைக்கு முன்பு சபையிலிருந்து ஒரு கூட்டம் ஆஸ்பத்திரிக்கு வந்தது. கட்டிலைச் சுற்றி நின்று ஜெபிக்கத் தொடங்கினார்கள். முடியும்வரை தாசம்மாள் மரியாதையாகக் கண்ணை மூடியிருந்தாள். பிறகு சொன்னாள்:

"ஜெபம் பண்ணினது சந்தோஷம். கீழ ரத்த வங்கி உண்டு. ரத்தமும் குடுத்துட்டுப் போங்க."

சிலர் சிரித்தார்கள், சிலர் கடிகாரத்தைப் பார்த்தார்கள். ஆனால் யோசுவா என்கிற ஓர் ஆள் மட்டும் சட்டைக்கையை மடித்துக்கொண்டு இறங்கிப்போனான். வேலித் தகராறு வீட்டின் பேரன் அவன். நேசையன் எதனால் செத்தார் என்று ராஜையன் அந்த வாரம்தான் அவர்கள் வீட்டுப் படியேறிச் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

அறுவைச் சிகிச்சை அன்று காலையில் நர்ஸ் வந்து, தலைமுடியை இரண்டு சடையாகப் பின்னிவைக்கச் சொன்னாள். தாசம்மாளின் கையில் ஊசி குத்தியிருந்தது. ராஜையன் சீப்பை எடுத்தார். தலைமயிரைவிட மெல்லிய கம்பிகளைக் கணக்காக மடிக்கிற விரல்கள்தான்; சடை மட்டும் ஒன்று மேலும் ஒன்று கீழுமாக வந்தது.

"ரெண்டு சடையோட நான் அங்கன்வாடி பிள்ளையாட்டுல்லா இருப்பேன்."

"அனங்காத இரு, சடை கலையும்."

"நான் வராட்டி, அங்கன்வாடில லூசியம்மைகிட்ட சொல்லுங்க, அந்தச் சின்னவனுக்குப் பயறு ஆவாது. சொறி வரும்."

"நீயே வந்து சொல்லு."

அவள் ஊசி குத்தாத கையைப் பின்னால் நீட்டி, அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அவர் ஒரே கையால் மிச்சச் சடையைப் பின்ன முயன்று, முடியாமல் விட்டுவிட்டார். நர்ஸ் வந்து முடித்துக் கொடுத்தாள்.

அவள் பிழைத்தாள். ஆனால் அந்தப் பிழைப்பு லேசானதில்லை. நெஞ்சுக்குழியிலிருந்து அடிவயிறுவரை தையல். இருமல் வந்தால் உயிர் போய் வந்தது. இருமுமுன் அவள் கையை ஆட்டுவாள். ராஜையன் ஓடிவந்து தலையணையை வயிற்றில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொள்வார். அவருடைய குழல் நுழைந்திருந்தால் அந்த நாட்களில் அவள் சந்தைக்கே போய் வந்திருப்பாள். தலையணையைப் பிடித்த ஒவ்வொரு முறையும் அவருக்கு அது தோன்றும்.

அவள் எழுந்து நடக்கத் தொடங்கியதும், ஒரு நாள் கேட்டார்: "ஒன் ஸ்கேன வச்சு ஆபீஸுல ஒரு வார்ப்பு செய்யட்டா?"

"என்னத்துக்கு? எனக்குத்தான் கீறியாச்சே."

"ஒன்னப்போல உள்ளவங்களுக்கு."

"செய்யுங்க. கையெழுத்து வேணும்னா போட்டுத் தாரேன்."

திட்டத் தலைவர் ஹரிநாராயணன் நல்ல மனிதர். கோட்டைப் பக்கத்து அக்ரகாரத்துக்காரர். ஆனால் பழைய குழல் அரசாங்க அனுமதிக்குப் போகத் தயாராக இருந்த சமயம் அது.

"ராஜையன், நீங்க சொல்றது நேக்குப் புரியறது. ஆனா வர்ற நோயாளிகள்ல அஞ்சுக்கு நாலு பேர் புருஷாள். இப்போ டிசைனைக் கலைச்சா அவாளும்னா காத்துண்டு இருக்கணும்?"

ராஜையனோடு வேலைசெய்யும் இளம் பொறியாளர் ஷிஜா இடையில் புகுந்தாள். "சாரே, மிச்சமுள்ள அந்த ஒராள் கணக்கே செரியா? உள்ள வந்தவங்களத்தான் எண்ணியிருக்கோம். வாசல்லயே திருப்பி அனுப்பின பெண்ணுங்கள ஆரு எண்ணினா?"

ராஜையன் சொன்னார்: "பெரிய குழல நிறுத்தாண்டாம் சார். அது போகட்டும். ஆனா அது யாருக்கு ஆவாதுண்ணு அனுமதிக் காகிதத்துல மறைக்காம எழுதுவோம். மெல்லிசுக் குழல் வேலையை இண்ணைக்கே தொடங்குவோம்."

ஹரிநாராயணன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். "எங்க ஆத்து மன்னி ஒருத்தி இப்படித்தான் திடீர்னு போனா" என்றார் கடைசியில். "தொடங்குங்கோ."

குழலைச் சிறிதாக்குவது சொல்வதுபோல் எளிதில்லை. துணியை மெலிதாக்கினால் ரத்தம் கசியும். கம்பியை மெலிதாக்கினால் துணியை நிமிர்த்தும் வலு போய்விடும். கம்பி வளையங்களின் முனைகள் சுருங்கும்போது ஒன்றின்மேல் ஒன்று ஏறி உட்காருவதால்தான் பருமன் என்று கண்டு, ஷிஜா அவற்றை முன்னும் பின்னுமாக விலக்கித் தைத்தாள். பருமன் குறைந்தது. ஆனால் வார்ப்பின் இடது கிளையில் ஒரு வளைவு. எந்தக் குழலும் அங்கே போய் மாட்டிக்கொண்டது.

"இண்ணைக்கு என்ன ஆச்சு?" என்று தாசம்மாள் வீட்டில் கேட்பாள்.

"ஒன் இடது பக்கம் விடமாட்டேங்குது."

"நான் என்ன செய்ய? செத்த ஒதுங்கிக் குடுக்கவா?"

மழை வந்து போனது, மறுபடி வந்தது. குழலின் நுனியை மிருதுவாக்கினார்கள். உள்ளே பின்னிய கம்பியின் சாய்வை மாற்றினார்கள். கிழிந்தவை ஒரு டப்பா நிறையச் சேர்ந்தன. ஒரு நாள் ஷிஜா போனில் கூப்பிட்டு, "சாரே, நாளைக்கு சேச்சியையும் கூட்டிட்டு வாங்க" என்றாள்.

தாசம்மாள் நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்தாள். தொட்டிக்குள் கிடந்ததைக் குனிந்து பார்த்தாள்.

"இதா நான்?"

"நீதான்."

ராஜையன் வழிகாட்டும் கம்பியை முன்னே விட்டு, அதன்மேல் குழலை ஏற்றினார். அது இடது கிளையில் ஏறி, வளைவுக்கு வந்து நின்றது. ராஜையன் தள்ளவில்லை. தள்ளினால் கிழியும் என்று லிபி சொன்னது அவர் காதிலேயே இருந்தது. குழலை மெல்லத் திருப்பிக் காத்திருந்தார். நுனி வளைவைத் தடவிக்கொண்டு, ஒரு பூனை வேலிக்குள் நுழைவதுபோல், உள்ளே போனது. கைப்பிடியைத் திருகினார். வெள்ளைத் துணி வீங்கிய இடத்துக்குள் விரிந்து, சுவரோடு ஒட்டி நின்றது. தண்ணீர் தடையின்றி ஓடியது.

யாரும் கைதட்டவில்லை. ஹரிநாராயணன் மறுபடி கண்ணாடியைத் துடைத்தார்.

"இனி ஒடனே ஆளுகளுக்கு வைக்கலாமா?" என்று கேட்டாள் தாசம்மாள்.

"இல்ல. கோடிக்கணக்குல தடவை துடிக்கவச்சுப் பாக்கணும். பின்னே அனுமதி. வருஷங்க ஆகும்."

"ஆவட்டும். வழி தெரிஞ்சுதே."

அவள் தன் வயிற்றுத் தழும்பின்மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு, மறு கையால் வார்ப்பைத் தொட்டாள். இளஞ்சூடாக, அவள் விரல்களுக்கடியில் அது துடித்தது. கொஞ்ச நேரம் கையை எடுக்கவில்லை. பிறகு தொட்டியில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தாள். நோயாளியின் பெயரை எழுதக் கூடாதென்பதால் அதில், 'பெண் — சிறிய அளவு' என்று மட்டும் இருந்தது.

"இத யாரு எழுதினா?"

"நாந்தான்" என்றார் ராஜையன்.

"அம்பத்தெட்டு வருஷம் எனக்கு ரத்தம் ஓடினது இதுலதான். எனக்கு எப்பமாவது பத்தாம வந்துதா? ஒங்க குழாய்தான் பெருசா இருந்து. இத மாத்தி எழுதுங்க."

ராஜையன் சீட்டை நகத்தால் கிள்ளிப் பிய்த்தார். பேனாவை எடுத்துப் புதுச்சீட்டில் 'பெண்' என்று எழுதினார். அப்புறம் ஆண்களின் வார்ப்புகளையும் ஒவ்வொன்றாக இழுத்து, 'சாதாரண அளவு' என்று தன் கையால் எழுதியிருந்ததை எல்லாம் பிய்க்கத் தொடங்கினார். பழைய பசை, லேசில் வரவில்லை. தாசம்மாள் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒன்றைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, அவளும் பிய்க்க ஆரம்பித்தாள்.