கழுத்துச் சொடக்கு

பத்தாவதோடு பள்ளியை விட்டவன் நான். ராயபுரத்தில் முடிதிருத்தும் கடை வைத்திருக்கிறேன். எழுத வந்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு சத்தத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. முடி வெட்டி முடித்ததும் தாடையில் ஒரு கை, பின்தலையில் ஒரு கை வைத்துச் சட்டென்று திருப்பினால் கழுத்தில் 'டக்' என்று கேட்கும். இருபது வருடமாக எல்லோருக்கும் அதை எடுத்துவிட்டுக்கொண்டிருந்தேன்.

அதற்காகவே வருவார் துறைமுகத்துக் கிரேன்காரர். நாள் முழுக்க உயரத்தில் உட்கார்ந்து, காலடியில் தொங்கும் கன்டெய்னரைக் குனிந்தே பார்க்கிற வேலை. "முடி அப்பால, மாமு. மொதல்ல கழுத்த ஒடி," என்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை இடப்பக்கம் சத்தம் வரவில்லை. "இன்னொரு தபா போடு," என்றார். போட்டேன். வந்தது.

புதன்கிழமை காலை கடை வாசலில் டீயோடு நின்றவருக்கு விக்கல் நிற்கவேயில்லை. மூன்று நாளாகப் பிடரி வலி என்றார். "யாருண்ணே உன்ன இப்டி நெனச்சிகினு கீறது? அண்ணிக்குத் தெரியுமா?" என்றேன். அவரும் சிரித்தார். குடித்த டீ மூக்கு வழியே வந்தது. அடுத்த அடி வைக்கும்போது இடப்பக்கமாகச் சாய்ந்துவிட்டார்.

கழுத்தின் பின்பக்கமாக மூளைத்தண்டுக்குப் போகும் ரத்தக்குழாயின் உள்சுவர் கிழிந்து, அங்கே ரத்தம் உறைந்திருப்பதாக ஆஸ்பத்திரியில் ஸ்கேனைப் பார்த்து டாக்டர் சொன்னார். விழுங்குவதைக் கவனிப்பது அந்த மூளைத்தண்டுதானாம். விக்கலும் அங்கிருந்துதான் வந்ததாம். "கழுத்துல அடி, திருகல் ஏதாவது?" என்று கேட்டார். பக்கத்தில் நின்ற அண்ணி, "இல்லை" என்றார். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. வகுப்பில் தூக்குவதுபோலக் கையைத் தூக்கினேன். "நான்தான் சார். ரெண்டு தபா." அதுதான் காரணமென்று உறுதியாகச் சொல்ல முடியாது, இருக்கலாம் என்றார். அண்ணி அதற்குப் பிறகு என் முகத்தைப் பார்க்கவில்லை.

ரத்தம் உறையாமலிருக்க மருந்து கொடுத்தார்கள். கிழிசல் மெல்ல ஆறும், விழுங்குவது திரும்புமா என்று பொறுத்துத்தான் பார்க்க வேண்டும் என்றார்கள். மூக்கில் போட்ட குழாய் வழியே கஞ்சி போனது. தினமும் போய் வார்டுக்கு வெளியே நின்றுவிட்டு வருவேன். ஒருநாள் உள்ளே கூப்பிட்டு, கரகரத்த குரலில், "நாந்தான மாமு கேட்டேன்," என்றார்.

நாலு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை கடைக்கு வந்தார். கிரேன் ஏற இன்னும் விடவில்லை. டீயை வாய் வாயாக, நிறுத்தி நிறுத்தி விழுங்கினார். முடி வெட்டி முடித்ததும் பழக்கத்தில் என் கை அவர் தாடைக்குப் போனது. பழக்கத்தில் அவரும் கண்ணை மூடிக் கழுத்தைத் தளர்த்தினார். கையை எடுத்துத் துண்டை உதறினேன்.

"இன்னா மாமு, பயந்துகினியா?"

"ஆமாண்ணே."

மறுநாள், 'இங்கே கழுத்துச் சொடக்கு எடுப்பதில்லை' என்று எழுதிக் கண்ணாடியில் ஒட்டினேன். படித்துவிட்டு இரண்டு பேர் எதிர்க் கடைக்குப் போனார்கள்.