குழி விளிம்பில் நின்ற பூட்ஸ்

சிரிக்கிறவர்கள் தாராளமாகச் சிரித்துக்கொள்ளுங்கள். எத்தனை கிளாஸ் உள்ளே போயிருந்தது என்று கேட்கப்போகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்று நான் குடித்தது ஃபிளாஸ்கில் இருந்த தேநீர் மட்டும்தான். நள்ளிரவும் இல்லை, மதியம். ஆனால் டிசம்பரில் எங்கள் ஊரில் சூரியன் எட்டிக்கூடப் பார்க்காது. பனி கொட்டினால் மதியம் ஒரு மணிக்கும் இருட்டுதான்.

என் பெயர் மத்வேய். ரஷ்யாவின் வடகோடியில், முர்மான்ஸ்க் நகரத்திலிருந்து நூற்று எழுபது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறோம். மகள் லீதாவுக்கு நிறைமாதம். இங்கே பிரசவ ஆஸ்பத்திரி கிடையாது. மறுநாள் காலை ஆறு மணிக்கு அவளை நான்தான் முர்மான்ஸ்க்குக் கூட்டிப்போக வேண்டும். வண்டியோ ஒரு வாரமாக, கியர் போட்டால் "டங்" என்றது. கிராஸ் தேய்ந்துவிட்டது. என்ஜின் சுழற்சியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகிற நீள ஷாஃப்ட்டின் இரண்டு முனையிலும், முழங்கால் மாதிரி மடங்கிக்கொடுக்கும் சிலுவைத் துண்டுதான் கிராஸ். பின்கிராஸ் உடைந்தால் ஷாஃப்ட் தரையில் இழுபடும், அவ்வளவுதான். முன்கிராஸ் வேகத்தில் உடைந்தால் ஷாஃப்ட் சாலையில் குத்தி வண்டியையே தூக்கி எறிந்துவிடும். அதனால் இரண்டுமே புதிதாக வாங்கி வைத்திருந்தேன்.

வீட்டுக்குப் பின்னாலேயே கராஜ் வரிசை. பதினோரு வருஷம் பூட்டிக் கிடந்த ஒரு கராஜை வசந்தத்தில்தான் வாங்கினேன். நடுவில் குழி. வண்டியை மேலே நிறுத்திவிட்டு, படியில் இறங்கி வேலை பார்க்கலாம். எங்கள் வரிசையில் ஒரு வழக்கம் உண்டு. கதவிடுக்கில் வெளிச்சம் தெரிந்தால், பக்கத்து ஆள் கதவைத் தட்டாமலேயே வந்து குழி விளிம்பில் நிற்பான். கேட்டதை எடுத்துக் கொடுப்பான். கீழே இருப்பவனுக்கு அவன் முகம் தெரியாது. பூட்ஸை வைத்துத்தான் ஆளைக் கண்டுகொள்வோம். அன்று பக்கத்து கராஜ் சவேலி வருவதாகச் சொல்லியிருந்தார்.

1:15க்கு இறங்கினேன். ஷாஃப்ட்டைக் கழற்றி, குழிச் சுவரோரம் இருந்த, சாமானை இறுக்கிப் பிடிக்கும் வைஸில் மாட்டினேன். 1:50க்குப் படிப்பக்கம் இரண்டு பூட்ஸ் வந்து நின்றன. சாம்பல் நிறக் கம்பளி பூட்ஸ். இடது காலில், கட்டைவிரல் இருக்கும் இடத்தில் சிவப்புத் தோல் ஒட்டு. இதுவரை பார்த்ததில்லை, ஆனால் வருவதாகச் சொன்னவர் அவர்தானே.

"வாங்க சவேலி அண்ணே. அந்தச் சின்னச் சுத்தியலைக் கொடுங்க."

சுத்தியல் இறங்கி வந்தது. கையுறை போட்ட கை. கதவு திறந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லையே என்று அப்போது தோன்றவில்லை.

2:20. பின்கிராஸ் முடிந்தது. முன்கிராஸைப் பிடித்திருக்கும் லாக் வளையத்தை எடுக்கப் போனேன்.

"அதை விடு. முன்னாடி நல்லா இருக்கு."

சவேலியின் அதே கரகரத்த குரல். முன்கிராஸைக் கையால் ஆட்டிப் பார்த்தேன். துளிகூட ஆடவில்லை. புதுசு மாதிரி இறுக்கம். விரல்களோ குளிரில் மரத்துப்போயிருந்தன. சரி, அனுபவசாலி சொல்கிறார் என்று லாக்கை விட்டுவிட்டேன். முட்டாள்!

அப்போதுதான் அந்த பூட்ஸைச் சரியாகப் பார்த்தேன். வெளியே பனி கொட்டுகிறது. பூட்ஸில் ஒரு பொட்டுப் பனி இல்லை. ஈரமும் இல்லை.

விளக்கொளியில் என் மூச்சு புகையாகப் போனது. மேலேயிருந்து... புகை எதுவும் வரவில்லை.

2:26. என் ஃபோன் அடித்தது.

"மத்வேய், கோச்சுக்காதே. மருமகன் வண்டி சந்தைகிட்ட பனியில மாட்டிக்கிச்சு. தள்ளிக்கிட்டு நிக்கிறோம். நாலு மணிக்கு வந்துடறேன்."

சவேலி!

பூட்ஸ் இன்னும் அங்கேயே நின்றன.

மேலேயிருந்து அதே குரல் கேட்டது.

"யாரு ஃபோன்ல?"

விளக்கு அணைந்தது.

பொத்...

பொத்...

படியில் கம்பளிக் காலடி. இறங்கிக்கொண்டிருந்தது.

என் காதோரம்... சூடே இல்லாமல்...

"முன்னாடி... நல்லா இருக்கு."

விளக்கு எரிந்தது. யாரும் இல்லை.

எப்படி மேலே ஏறினேன் என்று தெரியாது. 2:31க்கு வெளியே நின்றேன். கதவுக்கு முன்னால் பனியில் ஒரே ஓர் ஆளின் தடம்தான் இருந்தது. நான் உள்ளே போன தடம். அதுவும் பாதி மூடியிருந்தது.

வீட்டுக்கு ஓடிவிடலாம் என்றிருந்தது. ஆனால் காலையில் லீதா அந்த வண்டியில்தானே உட்கார வேண்டும்? அங்கேயே நின்றேன். நாலு மணிக்கு சவேலி வந்தார். காலில் ரப்பர் பூட்ஸ்.

இருவருமாக முன்கிராஸைத் தட்டிக் கழற்றினோம். உள்ளே கிரீஸே இல்லை. ஊசி மாதிரி மெல்லிய உருளைகள் அடுக்கிய பேரிங்கெல்லாம் பொடிப்பொடியாக, செங்கல் தூள் மாதிரி துரு. அந்த இறுக்கம் துருவின் இறுக்கம்.

"அடப்பாவி! இது பாதி வழி கூடத் தாங்காதே. எவன்யா இதை நல்லா இருக்குன்னு சொன்னது?"

"நீங்கதான் அண்ணே." நடந்ததைச் சொன்னேன். பூட்ஸையும் சொன்னேன்.

சிவப்புத் தோல் ஒட்டு என்றதும் அவர் முகம் வெளுத்துவிட்டது. "முதல்ல வேலையை முடி" என்றார். ஷாஃப்ட்டை மாட்டி முடிக்கும்வரை குழியை விட்டு மேலே ஏறவே இல்லை.

லீதா பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாள். பேரன் பிறந்தான். அதைக் கொண்டாட ஒரு கிளாஸ் ஊற்றிக் கொடுத்த அன்றுதான் சவேலி வாயைத் திறந்தார்.

"உன் கராஜ் முன்னாடி யெஃபிமோடது. பதினோரு வருஷத்துக்கு முன்ன பொண்டாட்டியோட முர்மான்ஸ்க் போறப்ப, நாற்பதாவது கிலோமீட்டர்ல ஷாஃப்ட் குத்திடுச்சு. அவ அங்கேயே போயிட்டா. இவன் ஆஸ்பத்திரில ரெண்டு நாள் கிடந்துட்டுப் போனான். நான் பாக்கப் போனேன். என் காலையே பாத்துக்கிட்டிருந்தான். நான் போட்டிருந்தது நீ சொன்ன அதே சிவப்பு ஒட்டு பூட்ஸ். அன்னிக்கு ராத்திரியே அதை அடுப்புல போட்டு எரிச்சுட்டேன்."

"ஏன் அண்ணே?"

கிளாஸை உதட்டுக்குக் கொண்டுபோகாமலே கீழே வைத்தார்.

"என் கையைப் பிடிச்சுக்கிட்டு கேட்டான்யா... 'குழிக்கு மேல நின்னு, முன்னாடி நல்லா இருக்குன்னு நீதானே சொன்னே, சவேலி'ன்னு. அவன் வண்டி வேலை பாத்த அன்னிக்கு நான் ஊர்லயே இல்ல, மத்வேய்."