துங்கு, தூக்கு

எங்கள் மேனேஜர் தேவதாஸ் ஈப்போவுக்கு மூன்று நாள் பயிற்சிக்குப் போனார். போனவர் சும்மா திரும்பியிருக்கலாம். "சுரங்கத் தொழிலாளர்களுடன் தொடர்பை மேம்படுத்துதல்" என்று ஒரு சுற்றறிக்கையோடு வந்தார். அதை டைப் அடித்த பாவி நான். 1982-இல், மலேசியாவில் ராசா என்ற ஊருக்கு அருகே மலையடியில் இருந்த சின்ன ஈயச் சுரங்கத்தில் நான் கிராணி, அதாவது குமாஸ்தா.

அதுவரை எங்கள் ஏற்பாடு சுலபமானது. கீழே இருப்பவன் கம்பியை இழுப்பான். மேலே, ஆளையும் சரக்கையும் சுமக்கும் கூண்டை ஏற்றி இறக்கும் வின்ச்சை ஓட்டும் சன்னாசியின் காலடியில் இருந்த இரும்புத் தகட்டில் சுத்தியல் விழும். ஓர் அடி விழுந்தால் நில், இரண்டு என்றால் கூண்டை இறக்கு, மூன்று என்றால் ஏற்று. பதினோரு வருடத்தில் மனிதர் ஒருமுறைகூடப் பிசகியதில்லை.

சன்னாசி ஜெரம் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்தவர். வந்த புதிதில் ஆறு வருடம் கீழே வெடி வைத்தார். அவர் பேசினால் மலைக்கு அந்தப் பக்கம் கேட்கும். வாய்க்கொழுப்பு என்று நினைத்தேன். வெடிச் சத்தம் அவர் காதைத் தின்றுவிட்டது எனக்குத் தெரியாது. எதிரே நிற்பவரின் உதட்டைப் பார்த்தே சமாளித்திருக்கிறார். சுத்தியலுக்கோ, தகட்டில் வைத்த வெறுங்கால் போதும்.

மேனேஜர் அந்தத் தகட்டைப் பிடுங்கிவிட்டு டெலிபோன் வைத்தார். டெலிபோனுக்கு ஏது உதடு? அழைப்பு வந்தால் சிவப்பு விளக்கு எரியும். எல்லா இனத்தவரும் இருப்பதால் மலாயில்தான் பேச வேண்டும் என்றும் உத்தரவு. விளக்கு எரிந்தால் சன்னாசி எடுப்பார், "யா யா, ஓகே லா" என்பார், கூண்டை ஏற்றுவார். கீழே இருப்பவன் மேலே வரத்தானே கூப்பிடுவான் என்பது அவர் துணிச்சல். உண்மையைச் சொன்னால் வேலை போய்விடும், வீட்டில் நான்கு பிள்ளைகள். எட்டு நாள் எப்படியோ ஓடியது.

ஒன்பதாம் நாள் கீழே வேலை செய்த சோமு என்ற பையன் கூண்டில் மரக்கட்டை ஏற்றும்போது கட்டை சரிந்து அவன் கால் மாட்டிக்கொண்டது. பக்கத்திலிருந்த டெலிபோனை எட்டி எடுத்து, "துங்கு! துங்கு!" என்று அலறினான். மலாயில் அதற்குப் பொறு என்று அர்த்தம்.

"யா யா, ஓகே லா" என்றார் சன்னாசி.

மேலே வந்த கூண்டில் ஒற்றை பூட்ஸ் கிடந்தது. உள்ளே கால் இருக்கிறதா என்று கையை விட்டுப் பார்த்தார். இல்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஒரு மணி நேரத்தில் ஆபீசில் விசாரணை. பூட்ஸ் கழன்றதால் கால் தப்பிய சோமு, கட்டோடு நொண்டியபடி வந்து நின்றான்.

"அவன் துங்குன்னு கத்தியிருக்கான். ஏன் தூக்குன?" என்றார் மேனேஜர்.

சன்னாசி அவர் உதட்டையே பார்த்தார். "எனக்குத் தூக்குன்னு கேட்டுச்சு சார்."

மேனேஜருக்கு முகம் மலர்ந்துவிட்டது. துங்கு, தூக்கு! குற்றம் யாருடையதும் இல்லை, மொழியினுடையது. தலைமை அலுவலகத்துக்கு இதை அனுப்பினால் இன்னொரு பயிற்சிக்குக் கூப்பிடுவார்கள். "டைப் அடிங்க" என்றார் என்னிடம். நானும் காகிதத்தைச் செருகினேன்.

சன்னாசி சோமுவின் காலைப் பார்த்தார்.

"பொய் சார். தூக்குன்னும் கேக்கல, துங்குன்னும் கேக்கல. எனக்கு ஒண்ணுமே கேக்காது."

மேனேஜரின் முகம் போன போக்கைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அடுத்த நிமிடமே சன்னாசியை வின்ச்சிலிருந்து இறக்கி, தலைவிளக்குகளைத் துடைத்துக் கொடுக்கும் அறைக்கு மாற்றினார். சம்பளமும் குறைந்தது.

வெளியே வந்ததும் சோமு அவர் முகத்துக்கு நேரே நின்று, நிறுத்தி நிறுத்திப் பேசினான்.

"அண்ணே, ஒங்களுக்குக் கேக்காதுன்னு எங்களுக்கு எப்பவோ தெரியும்லா."

"தெரிஞ்சுமாடா இந்த எட்டு நாளும் கீழ எறங்குனீங்க?"

"வெளிய சொன்னா ஒங்க வேலை போயிருக்கும்ல."

"மடப்பயலுவளா! உசுரு போயிருந்தா என்னடா பண்ணுவீங்க?" என்று கத்தினார் சன்னாசி. சோமு ஒற்றைக் காலில் நின்றபடி சிரித்தான். அவர் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார்.