ஓசிக் கறிக்கு ஒரு கும்பிடு

எண்பதுகளின் நடுவில் விழுப்புரத்திலிருந்து மெட்ராஸ் போகும் ஒரு தனியார் பஸ்ஸில் நான் கண்டக்டர். திண்டிவனம் தாண்டியதும் ஒரு ஓட்டலில் வண்டியை நிறுத்துவோம். அதற்குக் கைமாறாக டிரைவருக்கும் எனக்கும் சாப்பாடு ஓசி. போகும்போது பிரியாணி, திரும்பும்போது புரோட்டாவும் கோழிக் குருமாவும். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மட்டுமே கறி பார்த்து வளர்ந்தவன் நான். நாலு வருஷம் ஒரு நாள் விடாமல் தின்றேன்.

ஒருநாள் காலையில் கால் கட்டைவிரல் தக்காளி மாதிரி வீங்கியிருந்தது. செருப்புப் போட முடியவில்லை. விழுப்புரத்து டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, "மாசத்துக்கு ரெண்டு வாட்டி கறி துன்னு, போதும். தினம் துன்னா அப்புறம் நொண்டிக்கினுதான் டிக்கெட் கிழிக்கணும்" என்றார். தலையாட்டினேன். மறுவாரமே பிரியாணி போட்ட இலை முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

அன்று சாப்பிட்டுவிட்டு ஓட்டலின் பின்பக்கம் ஒதுங்கப் போனேன். அங்கே ஒரு குட்டை. தண்ணீரே தெரியவில்லை. கோழி இறகும் குடலும் கொழுப்பும் மிதந்தன. நாற்றத்தில் கண் எரிந்தது. குட்டையை ஒட்டிய கிணற்றில் ஒரு பெண் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள். என் காக்கிச் சட்டையைப் பார்த்ததும் குடத்தைக் கீழே வைத்தாள்.

"நீங்க துன்னுட்டு பஸ் ஏறிப் போயிடறீங்க. நாங்க இந்தத் தண்ணியத்தான் குடிக்கணும். எம் பொண்ணுக்கு மூணு நாளா வயித்தால போவுது."

என் வாயில் ஏலக்காய் வாசனை இன்னும் இருந்தது.

மறுநாளிலிருந்து வீட்டிலிருந்தே கேப்பைக் களியும் கீரைக் குழம்பும் தூக்குவாளியில் கொண்டுபோனேன். ஓட்டல் வாசலிலேயே, பஸ் நிழலில் உட்கார்ந்து தின்றேன். டிரைவருக்குக் கோபம். "இன்னாய்யா, நயினாரு வூட்டுல பொண்ணு கட்டிட்டியா? என் மானம் போவுது" என்றார். கறியே தொடாத செஞ்சிப் பக்கத்துச் சமணர்களைத்தான் அப்படிச் சொன்னார். "கட்டியிருந்தா காலாவது நல்லா இருந்திருக்கும்ணே" என்றேன்.

ஓட்டல்காரரிடம் கழிவைக் குழி வெட்டிப் புதைக்கச் சொன்னேன். "ஓசியில துன்னவன் நீ, எனக்கு ரூல் பேசறியா?" என்றார். அந்த வார்த்தை சுட்டது. உண்மை என்பதால் இன்னும் சுட்டது.

அடுத்த தடவை வண்டி நின்றதும் படியில் நின்று உரக்கச் சொன்னேன்: "வண்டி இருபது நிமிஷம் நிக்கும். துன்றவங்க துன்னலாம். அதுக்கு முன்னாடி பின்னால இருக்கிற குட்டைய ஒருவாட்டி பார்த்துட்டு வாங்க."

சிலர் சிரித்தார்கள். ஏழெட்டுப் பேர் நிஜமாகவே போய்ப் பார்த்துவிட்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து வண்டியில் உட்கார்ந்தார்கள். தொடர்ந்து ஒன்பது நாள் சொன்னேன். பத்தாம் நாள் பஸ் முதலாளி கூப்பிட்டு அனுப்பினார்.

"ஓட்டல்காரர்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு ஜல்தியா டூட்டிக்குப் போ."

"கேக்க மாட்டேங்க. நான் துன்னது தப்பு, அதுக்கு அந்தக் கிணத்தாண்ட இருக்கிறவங்ககிட்ட வேணா கேக்கறேன்."

"அப்ப கண்டாச்சிபுரம் வண்டியில ஏறிக்கோ."

மெட்ராஸ் லைனில் இருந்தவனுக்கு அந்தப் பட்டிக்காட்டு லைன் ஒரு தண்டனை. ஏறிக்கொண்டேன். என் மனைவி ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அடுத்த வருஷம் ஒரு கல்யாணத்துக்காகத் திண்டிவனம் போனபோது அந்த ஓட்டலின் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டிருந்தார்கள். மெட்ராஸ் பயணிகள் யாரோ எழுதிப்போட்டு, சுகாதார ஆபீசர் வந்து போனாராம். குட்டை இன்னும் பச்சையாகத்தான் கிடந்தது. ஓட்டல்காரர் என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் திருப்பவில்லை.

கறியை நான் விட்டுவிடவில்லை. மாதத்துக்கு இரண்டு ஞாயிறு, என் காசில் வாங்கி ருசித்துத்தான் தின்கிறேன். மற்ற நாளில் யார் கும்பிட்டு அழைத்தாலும், எந்த விருந்தானாலும், வேண்டாம் என்று சொல்ல எனக்குக் கூச்சமே இல்லை.